சாரை எழுப்பக் கூடாது

மே 9, வெள்ளி

இந்த டைரி அவுக பேருக்கு வந்தது. இன்சூரன்சுக்காரன் வருசா வருசம் அனுப்புவான். ஜனவரியில் வந்ததை அவுக பிரிக்கவே இல்லை. காகிதத்தை வீணடித்தால் சரஸ்வதிக்கு ஆகாது என்று எங்க அம்மா சொல்லுவாள். ஏழாங்கிளாசோடு என்னை நிறுத்தினபோது சரஸ்வதிக்கு ஆகுமா என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. போகட்டும்.

என் பேர் செண்பகவல்லி. அவுக யுனிவர்சிட்டியில் சமூகவியல் புரொபசர். நான் அவுகளுக்கு வாக்கப்பட்ட அத்தை மகள். போன மாதம் ஒரு மத்தியானம் டிபார்ட்மெண்டில் வைத்தே போய்விட்டாக. நெஞ்சு வலி என்றார்கள்.

இன்று மாவு ஆட்டினேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு உளுந்து போடணும் என்று கைக்குத் தெரியவில்லை. ரெண்டு ஆளுக்கே போட்டுவிட்டேன்.

மே 14, புதன்

பென்சன் ஆபீசுக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தம்பி தலையைத் தூக்காமல், "வீட்டுக்காரர் பேரு?" என்றான். நான் கார்டை எடுத்து நீட்டினேன். "வாயால சொல்லுங்கம்மா, கண்ணாடி கொண்டு வரல" என்றான்.

எப்படிச் சொல்ல? கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பேர் என் வாயில் வந்தது இல்லை. அதில் பாதி ஒரு மலை. அந்த மலைக்கோயிலுக்குப் போனால் "முருகன்கிட்ட போயிட்டு வந்தேன்" என்றுதான் சொல்லுவேன். மீதி, வெற்றிலையின் இளசுக்குச் சொல்லுகிற பேர். அதை நான் "துளிர்" என்பேன். கடைக்காரனுக்கே பழகிவிட்டது. முழுப்பேரை வைத்தே ஒரு ஊரும் இருக்கிறது. அங்கே ஒரு சடங்கு வீட்டுக்குப் போனபோது, கண்டக்டரிடம் அடுத்த ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுத்து, வெயிலில் திரும்பி நடந்து வந்தேன்.

எனக்குப் பின்னால் நின்ற பெண் கார்டைப் பார்த்து வாசித்துவிட்டாள். அந்தத் தம்பி தட்டிவிட்டு, "சொன்னா நாக்கு வெந்துருமாக்கும்" என்றான்.

வெந்துவிடுமோ என்னவோ. செத்தவருக்கு இனிமேல் ஆயுசு குறையப் போவதில்லை. ஆனாலும் வரவில்லை.

மே 21

பெங்களூரிலிருந்து மகன் நம்பி பேசினான். "நீ இங்க வந்துரும்மா." அங்கே போய் நான் என்ன செய்ய? லிப்டில் ஏறி இறங்கவா?

"அப்பா புத்தகத்தையெல்லாம் லைப்ரரிக்குக் குடுத்துருவோம். நமக்கு யாருக்கும் ஆகாது" என்றான். ஆகாதுதான். நான் எத்தனையோ தரம் அவுகளிடமே சொல்லியிருக்கிறேன். கல்யாண வீட்டில் யார் முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள், யாரைக் கைப்பிடித்து எழுப்பினார்கள் என்று பார்த்துவந்து நாலு பக்கம் எழுதுவாக. அதையே அடுப்படியில் நின்று நான் சொன்னால் பொறணி. அவுக சொன்னால் ஆராய்ச்சி, அதுக்குச் சம்பளம் வேறே. இதைச் சொன்னால் வயிறு குலுங்கச் சிரிப்பாக.

புத்தகம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

மே 28

டிபன் கேரியர் எங்கே? அவுக செருப்பு வந்தது, கண்ணாடி வந்தது, பேனா வந்தது. கேரியர் வரவில்லை. நாலு அடுக்கு, கனத்த எவர்சில்வர், மூடியில் என் பேர் வெட்டியிருக்கும். நம்பியிடம் சொன்னால் "புதுசு வாங்கிக்கம்மா" என்கிறான். புதுசில் என்னத்தை வைத்து யாருக்குக் கொடுத்துவிட?

ஜூன் 17, செவ்வாய்

லீவு முடிந்து நேற்று திறந்திருக்கிறார்கள். டவுன் பஸ் பிடித்து நானே போய்விட்டேன். இத்தனை வருசத்தில் அவுக டிபார்ட்மெண்டில் நான் கால் வைத்தது இல்லை. கூப்பிட்டதும் இல்லை, கேட்டதும் இல்லை.

ஜெபமணி சார் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். இப்போது அவர்தான் துறைத்தலைவர். பழுப்பேறின நோட்டைப் பார்த்து, "குறிச்சுக்கங்க. சமூகம் என்பது, கமா, மனிதர்கள் ஒருவரோடொருவர், உடைச்சு எழுதாதீங்க, ஒரே சொல்லு" என்று போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதினார்கள். ஜன்னலுக்கு வெளியே காக்கா ஒன்று நாய் வாயிலிருந்து எலும்பைப் பிடுங்கிக்கொண்டு போனது. அதை நான் ஒருத்திதான் பார்த்தேன்.

என்னைக் கண்டதும் மொத்த வகுப்பும் எழுந்து நின்றது. "உக்காருங்க" என்றேன். யாரும் உட்காரவில்லை. ஜெபமணி சார் கையைக் காட்டின பிறகு உட்கார்ந்தார்கள். பின்வரிசையில் ஒருத்தி, போன வருசத்துப் பிள்ளையாக இருக்கும், பக்கத்தில் இருந்தவளிடம் குசுகுசுத்தாள். "இவங்கதாம்ட்டி துளிர் அம்மா."

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். "துளிரா? உனக்கு யாரு சொன்னா?" என்றேன்.

அவள் ஜெபமணி சாரைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். "அக்கா, அது வந்து... சார் முதல் வகுப்பை உங்களைச் சொல்லித்தான் ஆரம்பிப்பாரு. வெத்திலைக்கு என்ன சொல்லுவீங்க, பஸ்ல எங்க இறங்குவீங்க, எல்லாம். பெயர் சொல்லாமைக்கு உதாரணம்."

"எத்தன வருசமா?"

"நான் வேலைக்குச் சேர்ந்ததுல இருந்தே."

வீட்டில் ஒரு நாளாவது அவுக, "ஏளா, என் பேரைத்தான் ஒரு தரம் சொல்லேன், கேப்போம்" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஊரான் வீட்டுப் பிள்ளைகளுக்கு வருசா வருசம் சொல்லியிருக்காக. அந்தப் பிள்ளைகள் பரீட்சையில் என்னை எழுதி மார்க்கு வாங்கியிருக்கும்.

"கேரியரைக் குடுங்க, போறேன்" என்றேன். ஜெபமணி சார் அட்டெண்டர் மாசானத்தைக் கூப்பிட்டார்.

மாசானம் வராந்தாவில் வைத்துச் சொன்னார். "கேரியரை அந்த இசக்கியம்மாங்கற புள்ள கழுவிக் குடுக்கேன்னு எடுத்துட்டுப் போயிருச்சும்மா. பிஎச்டி புள்ள. அன்னைக்கு சாருக்கு எதுத்தாப்புல உக்காந்திருந்துச்சே, அது. அதுக்கப்புறம் இந்தப் பக்கம் வரல."

"வலி வந்தப்ப அது கூட இருந்துச்சா?"

"வலியா?" என்றார் மாசானம். அப்புறம்தான் எனக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பது அவருக்கு உறைத்தது. போகப் பார்த்தார். நான் வழியை மறித்து நின்றுகொண்டேன்.

அவுக மத்தியானம் சாப்பிட்டதும் நாற்காலியிலேயே கண்ணசருவது வழக்கமாம். தாடை நெஞ்சில் இடிக்கும், கையில் காகிதம் இருக்கும். எல்லாரும் அடிமேல் அடி வைத்து நடப்பார்களாம். சாரை எழுப்பக் கூடாது. யாரும் போட்ட சட்டம் இல்லை, அப்படித்தான். அன்றைக்கு அந்தப் பிள்ளை தான் எழுதினதைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தது. அவுக வாசித்துக்கொண்டே கண்ணை மூடினாக. அது அசையாமல் காத்திருந்தது. மூணு மணிக்கு மாசானம் டீ கொண்டுபோய், எழுப்பாமல், தம்ளருக்கு மூடி போட்டு வைத்துவிட்டு வந்தார். ஜெபமணி சார் எட்டிப் பார்த்து "தூங்கட்டும்" என்று போனார். பிறகு கரண்டு போனது. காற்றாடி நின்றது. டிபார்ட்மெண்டில் எல்லாருக்கும் வேர்த்துக் கொட்டியது.

"சாருக்கு மட்டும் வேர்க்கலம்மா" என்றார் மாசானம்.

எப்படி வீடு வந்தேன் என்று தெரியவில்லை. பஸ்ஸில்தான் வந்திருப்பேன்.

ஜூன் 18

மாவு புளித்துவிட்டது. கொட்டினேன்.

ஜூன் 20

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு அன்றைக்கு இருந்த டாக்டரைப் பிடித்தேன். "சீக்கிரமா கொண்டு வந்திருந்தா ஏதாவது செஞ்சு பாத்திருக்கலாம்மா. பிழைச்சிருப்பாருன்னு உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா நேரம் பெரிய விசயம்" என்றார்.

மாசானத்துக்குப் போன் போட்டேன். "அந்த இசக்கி புள்ள எங்க இருந்தாலும் சரி, என் கேரியர் வீட்டுக்கு வரணும். அவளே கொண்டு வரணும்."

அவளிடம் கேட்க நாலு கேள்வி வைத்திருக்கிறேன். நாலும் ஒரே கேள்விதான்.

ஜூன் 24, செவ்வாய்

வந்தாள். ஒல்லியாக, நெடுநெடுவென்று. வாசலில் செருப்பைக் கழற்றி, அதையும் ஓரமாகத் திருப்பி வைத்து, கேரியரை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், நான் இசக்கியம்மாள்."

"மேடம் எல்லாம் பள்ளிக்கூடத்துல. உள்ள வா."

வாங்கினேன். கனத்தது. கழுவித் திருப்பும் பாத்திரத்தை வெறுமனே கொடுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. திறந்தால் மேலடுக்கில் கருவேப்பிலை. ரெண்டாவதிலும் கருவேப்பிலை. நாலிலும் அதுதான்.

"என்னட்டி இது, ஒரு வருசத்துக்குத் தாளிக்கவா?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "என்ன வைக்கன்னு தெரியலம்மா. சீனி வைக்கலாம்னா துக்க வீட்டுக்கு இனிப்பு ஆகாதுன்னாங்க. அரிசி வச்சா வாய்க்கரிசி ஞாபகம் வரும். எள்ளு சொல்லவே வேண்டாம். முறுக்கு சுடலாம்னா எண்ணெச்சட்டி வைக்கக் கூடாதுன்னு எங்க அம்மா. உப்பு கையில குடுத்தா சண்ட வரும். அதுக்கே ரெண்டு மாசம் ஆயிருச்சு. கருவேப்பிலைக்கு யாரும் ஒண்ணும் சொல்லல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவுக போன பிறகு முதல் தரம். நாலு கேள்வியையும் கேட்காமலே விட்டேன். சிரித்தது கோபமாகவும் இருந்தது.

காபி கொடுத்தேன். குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவ எழுந்து போனாள். "வை அத" என்றேன். கேட்காததுபோல் நடந்தாள். கையிலிருந்து பிடுங்க வேண்டியதாயிற்று.

எழுதினது என்ன ஆச்சு என்று கேட்டேன். விட்டுவிட்டாளாம். ஜூலைக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் பதிவு போய்விடும், நாலு வருசப் படிப்பும் போய்விடும். அப்பா மாப்பிள்ளை பார்க்கிறாராம். "தலைப்பே மரியாதைதாம்மா. யாருக்கு யாரு எந்திரிக்காங்க, யாரு முன்னால யாரு கால்மேல கால் போடறதில்ல, யாரு பேர யாரு சொல்றதில்ல. அதப் பத்தி இனிமே எழுத எனக்கு என்ன இருக்கு?"

இந்தப் பிள்ளைதானா அது. ராத்திரி சாப்பிடும்போது அவுக ஓயாமல் பேசினது. "ஒரு புள்ள நல்லா எழுதுது ஏளா, நல்லா எழுதுது" என்று சொல்லிக்கொண்டே ரசத்தை ஆறவிடுவாக.

"நாளைக்கு எல்லாத்தையும் எடுத்துட்டு இங்க வா" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கருவேப்பிலை வீணாகிவிடக் கூடாது என்றுதான் இருக்கும்.

ஜூலை 4

தினம் வருகிறாள். அவுக மேசையில் வைத்து எழுதுகிறாள். அவுக நாற்காலியில் உட்காரமாட்டேன் என்றாள். ஸ்டூலைப் போட்டுக் கூனிக்கொண்டு எழுதுகிறாள். மரியாதை பற்றி எழுதி முடிக்கும்போது முதுகு போயிருக்கும்.

பக்கத்து வீட்டுப் பிரேமா வந்து எட்டிப் பார்த்தாள். "யாருக்கா இது?"

"அவுக ஸ்டூடண்டு."

"எந்த ஊரு? எந்தப் பக்கம்?"

"ஊருல நாலு பக்கமும் இருக்கு. உனக்கு எது வேணும்?"

போய்விட்டாள். இசக்கி குனிந்தபடியே, "இதுவும் மூணாவது அத்தியாயத்துல இருக்கும்மா" என்றாள்.

ஜூலை 9

இங்கிலீஷில் எழுதியிருக்கிறாள். நான் கீரை ஆயும்போது தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள்.

"இதுக்கா நாலு வருசம்? எங்க மாமியார் அரை நாள்ல சொல்லிக் குடுத்துட்டா" என்றேன்.

"எப்படிச் செய்யணும்னு சொல்லியிருப்பாங்க. ஏன்னு சொன்னாங்களா?"

"ஏன்னு கேட்டிருந்தா அகப்பக் காம்புல்ல பேசியிருக்கும்."

"அந்த அகப்பக் காம்பத்தாம்மா தேடிட்டிருக்கேன்" என்றாள்.

அவள் தாத்தா எங்கள் ஊர்த் தெரு ஒன்றில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவராம். எந்தத் தெரு என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. எங்கள் ஊரில் அப்படித் தெரு ரெண்டுதான். அதில் ஒன்றில்தான் நான் பிறந்தேன்.

ராத்திரிக்கு உப்புமா. கருவேப்பிலை தூக்கலாக.

ஜூலை 15

ஜெபமணி சார்தான் இனி அவளுக்கு கைடு. பார்க்கப் போய் வந்தாள். "அஞ்சாவது அத்தியாயம் தேவையில்ல, எடுத்துரும்மா" என்றாராம். இவளும் சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். முகம் லேசாகத் தெளிந்திருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 19, சனி

இன்று வாசித்துக்கொண்டு வரும்போது அவள் ரெண்டு மூணு தாளைச் சேர்த்துப் புரட்டினாள். நேற்றும் அதே இடத்தில்தான் புரட்டினாள்.

"அதுல என்ன?" என்றேன்.

"அது அஞ்சாவது. எடுத்துருவோம்ல."

"எடுக்கறதுக்கு முன்னால வாசி."

"வேண்டாம்மா."

"இதத்தான அன்னைக்கு அவுக கையில வச்சிருந்தாக?"

அவள் புரட்டின தாளைத் திருப்பி எடுத்தாள். வெளியே பால்காரன் மணியடித்துவிட்டுப் போனான். அப்புறம் வாசித்தாள். தூங்குகிறவரை யார் எழுப்பலாம் என்பதைப் பற்றி எழுதியிருக்கிறாள். தாய் பிள்ளையை எழுப்பலாம். அண்ணன் தம்பியை எழுப்பலாம். முதலாளி வேலைக்காரனை உதைத்தும் எழுப்பலாம். பொண்டாட்டி புருசனை எழுப்பமாட்டாள்; பாத்திரத்தைச் சத்தமாக வைப்பாள், பிள்ளையை அனுப்புவாள், காபியைப் பக்கத்தில் வைத்துவிட்டு வாசத்தை நம்புவாள். மாணவர் ஆசிரியரை எழுப்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை. கீழே இருக்கிறவரை எப்போதும் எழுப்பலாம். மேலே இருக்கிறவர் எவ்வளவு உயரமோ அவ்வளவு தனியாகத் தூங்குகிறார்.

கடைசி வரி எனக்குப் புரிய ஒரு நிமிசம் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை அவுக சாய்வு நாற்காலியில் தூங்கும்போது நானும் காபியைப் பக்கத்தில் வைப்பேன். ஆறிவிடும். எடுத்துப்போய்ச் சூடு பண்ணி மறுபடி வைப்பேன். மூணு தரம் சூடு பண்ணின நாளும் உண்டு. தோளைத் தொட்டால் என்ன என்று ஒரு நாளும் தோன்றியது இல்லை.

இசக்கி காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். இத்தனை நாள் கழித்து அவள்தான் கேட்டாள், நான் இல்லை. "நான் ஒரு தடவ 'சார்'னு கூப்பிட்டிருந்தா, பொழச்சிருப்பாங்களாம்மா?"

"டாக்டர்ட்ட கேட்டுட்டேன்" என்றேன். "கண்ண மூடின மறு நிமிசமே போயிட்டாகளாம். நீ கூப்பிட்டிருந்தாலும் ஒண்ணும் இல்லன்னு சொன்னாரு."

"நிசமாவா?"

"டாக்டர் எதுக்குட்டி பொய் சொல்லப் போறாரு?"

அவள் ரொம்ப நேரம் அழுதாள். நான் போய்க் குழம்பைப் பார்த்தேன். உப்பு ரெண்டு தரம் போட்டுவிட்டேன்.

அஞ்சாவது அத்தியாயம் இருக்கும். எடுத்தால் காலை ஒடிப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 30

கொடுத்துவிட்டாள். அஞ்சாவதோடு. ஜெபமணி சார் கையெழுத்துப் போடும்போது, "சாரோட வீட்டம்மா சொன்னாங்கன்னா நான் என்ன சொல்ல முடியும்" என்றாராம். மரியாதைக்கும் ஒரு பிரயோசனம் இருக்கத்தான் செய்கிறது.

ஆகஸ்ட் 22

பரிசோதகர்களுக்கு அனுப்பியிருக்கிறார்களாம். பதில் தேர் நிலைக்கு வருவதுபோல் மெதுவாக வருமாம். பிரேமா பெண்ணுக்கு எந்தக் காலேஜும் அமையவில்லை. "சமூகவியல் சேரு, இடம் காலியாத்தான் இருக்கும்" என்றேன். "அது படிச்சா என்ன வேலக்கா கிடைக்கும்?" என்றாள். "வேல கிடைக்குமோ என்னவோ. மாமியா ஒண்ணு சொன்னா அது எங்கேருந்து வருதுன்னு தெரியும்." அதுக்குப் பயந்தே சேர்க்கவில்லை.

அக்டோபர் 3

உளுந்து அளவு கைக்கு வந்துவிட்டது. அதுவும் நன்றாக இல்லை.

நவம்பர் 25

வாய்மொழித் தேர்வு வைத்துவிட்டார்கள். டிசம்பர் பன்னிரண்டு. வெளியூரிலிருந்து ஒரு பெரிய புரொபசர் வருகிறார். எல்லார் முன்னாலும் அவள் பேசணும், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாமாம். வருகிறவர்களுக்கு டாக்டர் பட்டம் வாங்குகிறவர் வீட்டிலிருந்து சாப்பாடு போடணும் என்பது இவர்களாக ஏற்படுத்தின முறை. ஆராய்ச்சி சரியாக இல்லாவிட்டாலும் சாப்பாடு சரியாக இருந்தால் பாஸ் என்று அவுக சொல்லுவாக.

"சாப்பாடு நான் ஆக்குறேன்" என்றேன்.

டிசம்பர் 11, வியாழன்

சொதி வைக்கப் போகிறேன். எங்களில் கல்யாணத்து மறுநாள் வைக்கிற குழம்பு. தேங்காயைப் பிழிந்து பிழிந்து கை செத்துவிடும். பிரேமா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "வருசம் திரும்பலயே அக்கா, விருந்துச் சமையல் பண்ணலாமா? ஊரு என்ன சொல்லும்?" என்றாள்.

"என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டு வந்து சொல்லு. இசக்கி எழுதிக்கிடுவா."

கொஞ்ச நேரம் கழித்து அவளே துருவியோடு வந்து உட்கார்ந்து தேங்காய் துருவினாள்.

டிசம்பர் 12, வெள்ளி

காலையில் நடக்க வேண்டியது. பெரியவர் வந்த ரயில் மணியாச்சியில் கிடந்து லேட். வந்தவருக்குப் பசி. முதலில் சாப்பாடு, அப்புறம் தேர்வு என்று ஜெபமணி சார் மாற்றிவிட்டார். எனக்கு அப்போதுதான் திக்கென்றது. இஞ்சித் துவையலை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருக்கிறேன். சொதிக்கு இஞ்சித் துவையல் இல்லாவிட்டால் தேங்காய்ப்பால் ஆளைத் தூக்கத்தில் கவிழ்த்துவிடும். எங்கள் ஊர்ப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்தப் பெரியவருக்கு எப்படித் தெரியும்? மூணு தரம் வாங்கிச் சாப்பிட்டார். "என்ன ருசி, என்ன ருசி" என்றார்.

ஹாலில் கூட்டம். இசக்கி அப்பா, அம்மா முன்வரிசையில் உட்காரமாட்டோம் என்று கடைசிக்கு வந்துவிட்டார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்தேன். அவள் அப்பா துண்டை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூல் பிள்ளைபோல் நிமிர்ந்திருந்தார்.

இசக்கி மைக் பிடித்துப் பேச ஆரம்பித்தாள். பயம் இல்லை. முதல் அத்தியாயம், ரெண்டாவது. பெரியவருக்கு மெத்தை வைத்த நாற்காலி. அவர் தலை ஒரு தரம் ஆடியது. பிறகு தாடை மெல்ல நெஞ்சில் போய் முட்டியது. கையில் அவள் புத்தகம் விரிந்தபடி இருந்தது.

எல்லாரும் பார்த்தார்கள். ஒருத்தரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஜெபமணி சார் மேலே காற்றாடியைப் பார்த்தார். வாசலில் மாசானம் டீத் தட்டோடு நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். மைக் சத்தத்தை யாரோ குறைத்தார்கள்.

இசக்கியும் குரலைத் தாழ்த்தினாள். எழுந்துவிடக் கூடாது என்றுதான். அவளுக்கே தெரியாமல் தாழ்ந்திருக்கும். அப்புறம் நின்றுவிட்டது. வாய் திறந்திருக்கிறது, பேச்சு வரவில்லை. அவள் அம்மா என் கையைப் பிடித்தாள். "என்னாச்சு தாயி, மறந்துட்டாளா?"

நான் எழுந்துபோய் அந்த ஆளை உலுக்கலாம் என்று பார்த்தேன். கால் வரவில்லை. என்னத்துக்குப் பயந்தேன்? யாரோ எவரோ. என் புருசன்கூட இல்லை.

இசக்கி மைக்கை வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினாள். பட்டுச்சேலை தடுக்கியது. நேரே அவர் முன்னால் போய் நின்று, "சார்" என்றாள். அசையவில்லை. தோளைப் பிடித்தாள். ரெண்டு கையாலும் பிடித்துக் கிணற்றில் வாளியை ஆட்டுகிறமாதிரி ஆட்டி, "சார், எந்திரிங்க, எந்திரிங்க சார்" என்று கத்தினாள்.

பெரியவர் விழித்தார். புத்தகம் கீழே விழுந்தது. "ம்? சொல்லுங்க, கேட்டுட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

இசக்கி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்கீங்களா சார்?"

"எனக்கு என்ன? நல்லாத்தான் இருக்கேன்." நெற்றியைத் துடைத்தார். வேர்த்திருந்தது. "ரொம்பப் புழுக்கமா இருக்கே" என்றார்.

மாசானம் தட்டைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கொஞ்சம் தண்ணீர் குடித்த பிறகு பெரியவருக்கு ரோசம் வந்துவிட்டது. "மரியாதையைப் பத்தி ஆராய்ச்சி பண்ணிட்டு, பரிசோதகரைப் பிடிச்சு உலுக்கறீங்களே அம்மா. இது எந்த அத்தியாயத்துல வருது?"

"அஞ்சாவது சார்" என்றாள் இசக்கி. "அத எழுதினதாலதான் எழுப்பினேன்."

அவர் அஞ்சாவதை எடுத்து அங்கேயே வாசித்தார். வாசித்து முடிக்கிறவரை யாரும் எழுந்து போகவில்லை. பிறகு அவளிடம் நிறையக் கேட்டார், அவளும் சொன்னாள். இங்கிலீஷில் போனதால் எனக்குப் பிடிபடவில்லை. முடிவில் பட்டம் கொடுக்கலாம் என்று எழுந்து நின்று சொன்னார். இசக்கி அப்பா கை தட்டலாமா கூடாதா என்று என்னைப் பார்த்தார். நான் தட்டினேன்.

போகும்போது பெரியவர் என்னிடம் வந்து, "அந்தக் குழம்பு பேரென்ன அம்மா?" என்றார்.

"சொதி. அடுத்த தரம் இஞ்சித் துவையலோட போடுறேன்" என்றேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

நேற்று இசக்கி வந்தாள். கேரியரை வாங்கிக்கொண்டு போனாள். வேலை கிடைத்து முதல் சம்பளம் வாங்குகிற வரைக்கும் திருப்பித் தரமாட்டாளாம். வைக்க என்ன என்று இப்போதிருந்தே யோசிக்கட்டும். போகும்போது அவுக நாற்காலியில் ஒரு நிமிசம் உட்கார்ந்து பார்த்தாள். "முதுகுக்கு நல்லா இருக்கும்மா" என்றாள்.

நம்பி பேசினான். பெங்களூர் பிறகு பார்ப்போம் என்றேன். ஜூனில் புது வகுப்பு தொடங்குகிறது. முதல் நாள் பிள்ளைகள் முன்னால் வந்து துளிர் கதையை நானே சொல்லவேண்டுமாம். ஜெபமணி சார் சொல்லியனுப்பியிருக்கிறார். பேரைச் சொல்லாமல் அந்தக் கதையை எப்படிச் சொல்ல? ஒத்திகை பார்க்கணும்.

மத்தியானம் சாப்பிட்டாச்சு. சாய்வு நாற்காலிப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு காபி கொண்டுவந்து வைத்தேன். பழக்கம். ஆறிவிட்டது. சூடு பண்ண எடுத்துப் போகவில்லை. அப்படியே வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். வீட்டில் யாரும் இல்லை, கேட்க.

ஏ, திருமலைக்கொழுந்து. மணி மூணாச்சு. எந்திரி.